ரூட் கேனால் செய்த பல்லில் மறுபடியும் சீழ்: கசிவு எந்த வழியாக வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. சென்ற ஆண்டு இடது பக்கம் கீழ்த்தாடையில் முதல் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் சிகிச்சை செய்துகொண்டேன். வேர்வரை மருந்து அடைத்து, மேலே வெள்ளை சிமெண்ட் வைத்து, இரண்டு வாரத்தில் கேப் போட வரச் சொன்னார்கள். அதற்குள் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை என்றாகிவிட்டதால், நான்கு மாதம் கழித்துத்தான் போக முடிந்தது. சிமெண்ட் பாதி தேய்ந்து குழி விழுந்திருந்தது. ஆனால் வலி இல்லை. அன்றே மேலே அடைத்து அளவெடுத்து, அடுத்த வாரம் கேப் போட்டுவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து இப்போது அந்தப் பல்லுக்கு நேர் கீழே ஈறில் பரு போல ஒன்று வருகிறது. உடைந்து உப்புக் கரிக்கும் நீர் வடிகிறது. சில நாளில் மறுபடி வருகிறது. எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கறுப்பு நிழல் தெரிகிறது. “மருந்து நுனிவரை நன்றாகத்தான் போயிருக்கிறது, ஆனால் கசிவு ஏற்பட்டிருக்கலாம், கேப்பைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டும்” என்கிறார் மருத்துவர். நுனிவரை அடைத்த பிறகு கசிவு எப்படி வரும்? யார் மேல் தவறு? பல்லை எடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில். அடுத்த மாதம் என் கணவருக்கும் மேல் கடைவாய்ப் பல்லில் இதே சிகிச்சை தொடங்க இருக்கிறது. இப்படி ஆகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் பல்லில் கசிவு ஏற்பட்டிருந்தால், அது வேர்நுனியில் தொடங்கியிருப்பதைவிட, சிமெண்ட் தேய்ந்து கிடந்த அந்த நான்கு மாதங்களில் மேலிருந்து இறங்கியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் இடம் ஒன்று, கூரையில் ஈரம் பூக்கும் இடம் வேறு என்பதை வீடு கட்டியவர்கள் அறிவார்கள். எக்ஸ்ரேயில் நிழல் விழுந்த இடம் வேர்நுனி என்பதால், கிருமி அங்கேதான் நுழைந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. இன்னும் சிலவற்றைச் சோதித்துப் பார்க்காமல் பல்லை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நுனிவரை அடைத்த பிறகு கசிவு எப்படி என்ற கேள்விக்கு, அங்கே அடைக்கப்படும் பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டால் விடை எளிது. வேர்க் கால்வாய்க்குள் வைக்கப்படும் இளஞ்சிவப்புக் குச்சிகளுக்குக் கட்டா பெர்ச்சா என்று பெயர். மலேயாப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத உறையாகப் பயன்பட்டதும் இதுவே. ஆனால் பல் மருத்துவர் கையிலிருக்கும் குச்சியில் அந்தப் பால்பொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் அது வெண்மையாகத் தெரிவதற்காகச் சில உலோக உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. கட்டா பெர்ச்சா எவ்வளவு இறுக்கமாக அமுக்கப்பட்டாலும் பல்லின் டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் உடற்பகுதி) சுவரோடு தானாக ஒட்டாது. குச்சிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை நிரப்புவது சீலர் என்ற குழம்பு போன்ற சிமெண்ட். பழைய துத்தநாக ஆக்சைடு–யூஜினால் வகைச் சீலர்கள் ஈரத்தில் மெதுவாகக் கரையும். எபாக்சி பிசின் வகைகள் மிகக் குறைவாகக் கரையும். அண்மைக் காலத்தில் பரவலாகிவரும் கால்சியம் சிலிக்கேட் வகைகள் ஈரத்திலேயே இறுகுபவை. எந்த வகையானாலும், மாதக்கணக்கில் எச்சில் மேலே தேங்கி நின்றால் ஒரு துளியும் இறங்காது என்று உறுதி தரக்கூடிய சீலர் இன்றுவரை வரவில்லை. ஒரு பாக்டீரியாவின் பருமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு வேண்டிய வழி எக்ஸ்ரே கண்ணுக்கு அகப்படாது. எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைக் கோடு, அடைப்பு எவ்வளவு நீளம் போயிருக்கிறது, இடையில் வெற்றிடம் உண்டா என்பதைச் சொல்லும். அது கசியுமா என்பதைச் சொல்லாது.

எங்கள் துறையே இதை உணர்ந்துகொள்ள நாளாயிற்று. நீண்ட காலம் எல்லாக் கவனமும் வேர்நுனியின் மேலேயே இருந்தது. அங்கே அடைப்பு குறைந்தால் உடலின் திரவம் உள்ளே ஊறித் தேங்கிப் புண்ணை உண்டாக்குகிறது என்பதே 1950களில் வலுவாக இருந்த விளக்கம். 1965ஆம் ஆண்டு ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்களில் துளையிட்டுத் திறந்துவிட்டும் வேர்நுனியில் சீழ் கோக்கவில்லை என்று காட்டினார்கள். சாதாரண எலிகளில் அதே காயம் பல்லைச் சாகடித்துச் சீழாக முடிந்தது. ஆகக் குற்றவாளி கிருமி என்பது உறுதியாயிற்று. அது எந்த வாசலில் வருகிறது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. 1990இல் டொராபினெஜாடும் உடன் பணியாற்றியவர்களும், முறையாக வேர் அடைத்த பற்களின் மேற்பகுதியை மூடாமல் ஆய்வகத்தில் பாக்டீரியாக்களோடு வைத்துப் பார்த்தனர். ஒருவகைப் பாக்டீரியா 19 நாட்களிலும் மற்றொரு வகை 42 நாட்களிலும், பாதிக்கு மேற்பட்ட வேர்களில் மேலிருந்து நுனிவரை சென்றுவிட்டன.

அதன் பின் 1995இல் ரே, ட்ரோப் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. வேர் சிகிச்சை செய்த 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்த அவர்கள், வேர் அடைப்பும் மேலடைப்பும் இரண்டுமே நன்றாக இருந்த பற்களில் 91 விழுக்காட்டுக்கு மேல் வேர்நுனியில் புண் இல்லை என்றும், வேர் அடைப்பு நன்றாக இருந்தும் மேலடைப்பு மோசமாக இருந்தவற்றில் அது 44 விழுக்காடாக விழுந்துவிட்டது என்றும் கண்டனர். வேர் அடைப்பு சுமாராக இருந்து மேலடைப்பு நன்றாக இருந்தவை அதைவிட மேலாக, 67 விழுக்காட்டைத் தாண்டி நின்றன. இதைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே கேப் சரியாக இருந்தால் போதும், உள்ளே எப்படி அடைத்தாலும் பரவாயில்லை என்று பேசத் தொடங்கியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2000ஆம் ஆண்டில் நார்வேயில் ட்ரோன்ஸ்டாட் குழுவினர் இதே முறையில் 1001 பற்களைப் பார்த்தபோது, உள்ளே செய்த வேலையின் தரம்தான் முதன்மையாக நின்றது. உள்ளே மோசமாக இருந்த பற்களை மேலே போட்ட நல்ல அடைப்பு காப்பாற்றவில்லை. 2003இல் ரிக்குச்சியும் பெர்கென்ஹோல்ட்ஸும், மேலடைப்பை இழந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ திறந்து கிடந்த பற்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, நன்றாகச் சுத்தம் செய்து நன்றாக அடைக்கப்பட்டிருந்த வேர்களில் கிருமி பெரும்பாலும் கால்வாயின் வாய்ப்பகுதியைத் தாண்டி ஆழமாக இறங்கவில்லை என்று எழுதினர்.

முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றினாலும் இவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: ஆய்வகக் குழாயில் கிடைத்த 19 நாள் கணக்கை ஒருவரின் வாயில் நாட்காட்டி போலத் தொங்கவிடக் கூடாது, ஆனால் உள்ளே எவ்வளவு திறமையாக அடைத்திருந்தாலும், அது மேல் மூடி போடும்வரை தாக்குப்பிடிக்கும் ஓர் அவகாசமே தவிர மூடிக்கு மாற்று ஆகாது.

இப்போது உங்கள் பல்லில் வைத்த அந்த வெள்ளை சிமெண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கசிவுக்குப் பெரும்பாலும் இதுவே தொடக்கம். நம் ஊரில் பரவலாகப் பயன்படும் தற்காலிக அடைப்பு, டப்பாவிலிருந்து மாவு போல எடுத்துப் பல்லில் அமுக்கி வைப்பது. வாயின் ஈரத்தை உறிஞ்சித்தான் அது இறுகுகிறது, இறுகும்போது சற்றே விரிவடைந்து ஓரங்களை நெருக்கிக்கொள்கிறது. வைத்த ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். ஓரங்களில் நன்றாக ஒட்டும் அந்தப் பொருளுக்கு மெல்லும் விசையைத் தாங்கும் வலு இல்லை. அதன் கனம் குறைந்தது மூன்றரை மில்லிமீட்டர் இருந்தால்தான் சில வாரங்களுக்கு அதை நம்பலாம். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், அடுத்த முறை எடுப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அடியில் ஒரு பஞ்சு உருண்டையை வைத்துவிட்டு அதன் மேல் சிமெண்டைப் பூசுகிறோம். பஞ்சு பெரிதாக இருந்துவிட்டால் மேலே சிமெண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட இடம் இருப்பதில்லை. பஞ்சின் ஓர் இழை ஓரத்தில் சிக்கியிருந்தால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் எச்சிலை இழுத்து உள்ளே கொண்டுபோகும். தாமதமாக வரும் நோயாளிகளின் பல்லைத் திறக்கும்போது அந்தப் பஞ்சு சாம்பல் நிறத்தில் நனைந்து நாற்றத்தோடு வருவதையும், அதன் கீழே இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டிய கட்டா பெர்ச்சாவின் வாய் பழுப்பேறிக் கசிந்து கிடப்பதையும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அந்த நிலையில் அதன் மேலேயே புதிய அடைப்பை வைத்துக் கேப்பையும் போட்டுவிட்டால், கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகவே ஆகும்.

யார் மேல் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது மாதத்தில் வலி இல்லாததை நீங்களும் உங்கள் மருத்துவரும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. நரம்பை எடுத்துவிட்ட பல்லில் கூச்சமோ வலியோ இருக்காது; கிருமி நுனியைக் கடந்து எலும்பைத் தொட்டு, அங்கே அழுத்தம் உண்டான பிறகுதான் ஏதாவது தெரியும். சீழ் ஈறு வழியாக வடிகால் ஏற்படுத்திக்கொண்டால் அப்போதும் வலிக்காது. ஆகவே வலியை வைத்து முடிவு செய்ய இயலாது. வேர் அடைப்பு மூன்று மாதங்களுக்கு மேல் எச்சிலில் திறந்து கிடந்திருந்தால், கேப் போடும் முன் வேர் அடைப்பையே புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது 1990களின் தொடக்கத்திலிருந்தே சொல்லப்பட்டு வரும் யோசனை. மேலே சொன்ன 2003ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டி, அப்படி எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு. அதுவும் நியாயமான கருத்தே. ஆனால் விலை கூடிய கேப் ஒன்றை அதன் மேல் போடப்போகும் நேரத்தில், குறைந்தபட்சம் கால்வாய்களின் வாய்ப்பகுதியைத் திறந்து பார்த்து, நிறம் மாறியிருந்தால் மறுசிகிச்சை செய்வது நோயாளிக்கு நல்லது என்பது என் கருத்து. உங்கள் மருத்துவர் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாததால், அவர் மேல் பழி சொல்ல நான் விரும்பவில்லை.

உங்கள் பல்லுக்கு இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலில், அந்தச் சீழ்ப் பரு இதே பல்லிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு எளிய வழி, மெல்லிய கட்டா பெர்ச்சாக் குச்சி ஒன்றைப் பருவின் துளை வழியாக மெதுவாக உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. குச்சியின் முனை எந்த வேரில் போய் நிற்கிறதோ அதுவே ஊற்று. அடுத்து, ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் அளவுகோல் கருவியைச் சுற்றிலும் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஆழம் இயல்பாக இருந்து, ஒரே ஓரிடத்தில் மட்டும் குறுகிய ஆழமான பள்ளம் அகப்பட்டால், வேர் நெடுக்காகப் பிளந்திருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்; அப்படி வேர் பிளந்திருந்தால் மறுசிகிச்சை பயன் தராது, அப்போது வீட்டில் சொல்வதுபோல் பல்லை எடுப்பதே சரி. மூன்றாவது, தப்பிப்போன கால்வாய். கீழ் முதல் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் வழக்கமாக இரண்டு கால்வாய்களும், பின்வேரில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பின்வேரின் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து மறைந்துபோகும். சந்தேகம் இருந்தால் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் உதவும், ஆனால் உலோகம் கலந்த கேப் அதில் நிழலை இழுத்துவிடும் என்பதால் கேப்பைக் கழற்றிய பிறகு எடுப்பதே மேல்.

இவை தெளிவானால், உங்கள் மருத்துவர் சொன்ன மறுசிகிச்சை சரியான முடிவு. கேப்பையும் அடியிலுள்ள பழைய அடைப்பையும் முழுவதுமாக நீக்கி, ஈறுக்கு மேல் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் மீந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் உள்ளே எவ்வளவு உழைத்தாலும் புதிய கேப் நிற்காது. பிறகு பழைய கட்டா பெர்ச்சாவை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் நன்றாகக் கழுவி, டென்டின் துகள்கள் படிந்த படலத்தை ஈ.டி.டி.ஏ. கரைசலால் நீக்கி, பெரும்பாலும் ஓரிரு வாரங்கள் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமிகொல்லி மருந்தை உள்ளே வைத்திருந்து, பரு மூடியபின் அடைப்பார்கள். பரு மூடுவதற்குச் சில வாரங்கள் போதும். எலும்பில் உள்ள நிழல் மறைய மாதங்கள் ஆகும். ஓர் ஆண்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், நிழல் சுருங்கிவந்தும் முழுவதும் மறையாதபோது நான்கு ஆண்டுகள்வரை கண்காணிப்பதும் ஐரோப்பிய வேர்சிகிச்சை மருத்துவச் சங்கம் வகுத்த நடைமுறை. வேர்நுனியை ஈறு வழியாக வெட்டிச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால், மேலிருந்து வந்த கசிவுக்கு அது நுனியில் போடும் ஒட்டு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். மேலடைப்பைத் தொட முடியாத சூழ்நிலையில்தான் அது முதல் தேர்வாகலாம். காய்ச்சலோ முகவீக்கமோ இல்லாமல், தானாக வடிந்துகொண்டிருக்கும் பருவுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை தேவையில்லை. ஊற்று வேருக்குள் இருக்கும்வரை மாத்திரை அங்கே போய்ச் சேர்வதும் இல்லை.

உங்கள் கணவரின் சிகிச்சைக்கு வருகிறேன். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே பல்லில் உள்ள சொத்தையையும் பழைய அடைப்பையும் மிச்சமில்லாமல் எடுத்து, பக்கச் சுவர் இடிந்திருந்தால் அதை முதலில் கட்டிவிட்டு அதன் பிறகே வேரைத் திறக்கும்படி கேளுங்கள். பக்கச் சுவர் இல்லாத பல்லில் இரண்டு அமர்வுகளுக்கு இடையே வைக்கும் தற்காலிக அடைப்பு ஒருநாளும் நிற்பதில்லை. ரப்பர் டேம் என்ற ரப்பர் திரையில் துளையிட்டு, சிகிச்சை பெறும் பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாரா என்று கவனியுங்கள். 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்த அந்தத் திரை, எச்சில் கால்வாய்க்குள் இறங்காமல் தடுப்பதோடு, கருவிகளையும் மருந்தையும் நோயாளி விழுங்கிவிடாமலும் காக்கிறது. நேரமாகிறது, நோயாளிக்குப் பிடிப்பதில்லை என்று காரணம் சொல்லி அதைத் தவிர்ப்பவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. வேர் அடைக்கும் நாளில் அது இல்லாமல் செய்வதை என்னால் ஆதரிக்க முடியாது. மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்கன்ன வேரில் (கன்னப் பக்கத்து வேர்களில் முன்னால் இருப்பது) பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டாவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பார்த்தீர்களா என்று கேட்பதில் எந்த மருத்துவரும் கோபப்பட மாட்டார்.

வேர் அடைத்து முடித்த அன்றே, ரப்பர் டேமைக் கழற்றுவதற்கு முன்பாகவே, கால்வாய்களின் வாயில் ஓரிரண்டு மில்லிமீட்டர் கட்டா பெர்ச்சாவை நீக்கிவிட்டு அங்கே கிளாஸ் அயனோமர் அல்லது காம்போசிட் என்ற, பல்லோடு ஒட்டும் அடைப்புப் பொருளை வைத்து மூடி, அதன் மேல் நிரந்தர அடைப்பையும் வைத்துவிடச் சொல்லுங்கள். கேப் பிறகு வரலாம். இந்த உள்மூடி அன்றே வந்துவிட வேண்டும். பல்லுக்குள் போஸ்ட் (மேலடைப்பைத் தாங்க வேருக்குள் பொருத்தும் சிறு தண்டு) தேவைப்பட்டால், வேர்நுனிப் பக்கம் குறைந்தது நான்கு ஐந்து மில்லிமீட்டர் கட்டா பெர்ச்சா மிஞ்சும்படி விட்டு, அதையும் ரப்பர் டேமுக்குள்ளேயே பொருத்த வேண்டும்.

கேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2002இல் அக்விலினோ, கேப்லன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. ஆனாலும் நம் ஊரில் கேப்பைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் அலட்சியத்தால் இல்லை. ரூட் கேனாலுக்கு ஆன செலவு ஏறக்குறைய மறுபடியும் கேப்பிற்கு ஆகும் என்பதாலும், உங்களுக்கு நேர்ந்ததுபோல் வீட்டில் வேறு ஒரு சிகிச்சை வந்துவிடுவதாலும்தான். உடனே முடியாதென்றால் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் பல்லின் மெல்லிய முகடுகளைக் குறைத்து, காம்போசிட்டால் மேலே மூடி, சில மாதங்கள் பல் உடையாமலும் எச்சில் இறங்காமலும் தாங்கும்படி செய்து தர முடியும். சொல்லாமல் வெள்ளை சிமெண்டோடு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து. அப்படியே போக நேர்ந்து, நாக்கால் தடவும்போது குழி தட்டுப்பட்டாலோ ஒரு துண்டு பெயர்ந்து வந்தாலோ, குறித்த தேதிவரை காத்திராமல் மறுநாளே போய் மாற்றிக்கொள்ள வேண்டும். அது ஐந்து நிமிட வேலை.

கேப்பின் ஓரம் பழைய அடைப்பின் மேல் நிற்காமல் சொந்தப் பல்லின் மேல் உட்கார வேண்டும். அதன் பிறகும் ஓரத்தில் உணவு தங்கினால் சொத்தை அங்கேயே தொடங்கி அதே வழியில் உள்ளே இறங்கும். ஆகவே பற்களுக்கிடையே நுழையும் சிறு பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

மறுசிகிச்சைக்குப் போகும்போது சென்ற ஆண்டு எடுத்த எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். சிகிச்சைக்கு முன்பே நிழல் இருந்ததா, கேப் போட்ட பிறகு புதிதாக வந்ததா என்பதை அவை சொல்லும். பருவை விரலால் பிதுக்க வேண்டாம். தாடை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம் ஏற்பட்டாலோ, முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.